நிதானமே சரணம்

"இருவர் ஏறிய வண்டியில்?"

"மூணாவதா எமன் ஏறுவான், சாமி!"

"தலைக்கவசம் இல்லாத தலைக்கு?"

"உடனடி மோட்சம், சாமி!"

மருத்துவமனையின் பாதுகாப்பு அலுவலர் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார். வரிசையில் நின்ற ஆறு பெண்களும், "நிதானமே சரணம்!" என்று முடித்தார்கள். அவருக்குச் சாமியார் என்று பெயர் வைத்ததே இவர்கள்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, குரலை இன்னும் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் ரத்தக்கா. வார்டு வார்டாக எடுத்த ரத்தத்தைப் பெட்டியில் வாங்கி, ஆறாவது கட்டடத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. காலையில் முட்டியில் தேய்த்த தைலம் இன்னும் மணத்தது. கட்டடம் கட்டடமாக நடந்து கால் ஓய்கிறது என்று இவர்கள் கொடுத்த மனுவால்தான், மூன்று வருடங்களுக்கு முன் நின்றபடி ஓட்டும் மின்வண்டிகள் ஆறு வந்தன.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் ஆய்வுக்கு வந்திருந்தார். ஒரு குறை கண்டாலும் ஆறு வண்டியும் வேறு மருத்துவமனைக்குப் போய்விடும்.

"எதையாவது உளறி வெச்சிடாதக்கா," என்று பக்கத்தில் நின்றவள் கிசுகிசுத்தாள்.

"நான் ஏன்டி வாயத் தொறக்கப்போறேன்? எனக்கு வண்டி வேணும்டி."

அம்மையார் பதிவேட்டைப் புரட்டினார். "மூணு வருஷத்துல ஒரு விபத்துகூட இல்லையா?"

"ஒரு சிராய்ப்பு இல்லீங்கம்மா. எல்லாம் உபதேச மகிமை. ஆரம்பத்துல எட்டு உபதேசம்தான் இருந்துச்சு. இப்ப பதினெட்டு. பத்தொன்பதாவது யோசனையில இருக்கு," என்றார் சாமியார்.

அம்மையார் சுவரில் உபதேசங்கள் எழுதியிருந்த பலகையைப் பார்த்துவிட்டு ரத்தக்காவிடம் திரும்பினார். "ஒத்தக் கையால ஓட்டுறவன்?"

"மறுகையால சித்திரகுப்தன் நோட்டுல கையெழுத்துப் போடுறான்ம்மா."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். வண்டிகளைச் சுற்றி வந்தார். ஒரு கீறல் இல்லை; நேற்று வாங்கியவைபோல மின்னின.

"இந்த மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல. வண்டிங்க இங்கயே இருக்கட்டும்."

ரத்தக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நீங்களே ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்கம்மா. படம் எடுத்துக்கறேன். மத்த ஆஸ்பத்திரியிலயும் காட்டணும்," என்றார் அம்மையார் அவளிடம்.

சாமியார் இருமினார். "அவங்களுக்கு வேலைக்கு நேரமாச்சுங்களே..."

"ரெண்டே நிமிஷம் சார்."

சாமியார் இடுப்புக் கொத்திலிருந்து ஒரு சாவியைத் தேடித் தேடி எடுத்தார். ரத்தக்கா தலைக்கவசத்தை மாட்டி, வாரை இறுக்கி, வண்டிமேல் நிமிர்ந்து நின்றாள். சாவியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இத எங்கம்மா போடணும்?" என்று அம்மையாரையே கேட்டாள். "பாடம் முடிஞ்சாத்தான் சாவின்னு சாமி சொல்லியிருக்காரு. மூணு வருஷமா பாடம்தான் நடக்குது."