வால் இல்லாத பல்லி

புளியமரத்தில் குடியேற வந்த பல்லியை அணில் அடியிலேயே மறித்தது. மரத்தில் யாரை ஏற்றுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவுசெய்வது அணிலின் வேலை.

"பூனைக்குப் பயந்து ஓடி வந்திருக்கிறேன். இடம் கொடுங்கள்."

"பல்லி என்றால் வால் இருக்கும். உனக்கு இல்லை. நீ பல்லியே இல்லை, போ!" அணில் தன் வாலைச் சிலுப்பிக்கொண்டது.

பல்லி நகரவில்லை. "ஆமையிடம் முறையிடுவேன்" என்றது.

அணிலின் முடிவை மாற்றும் உரிமை ஆமைக்கு மட்டும் இருந்தது. மரமேறத் தெரியாத ஆமைக்கு எந்தக் கிளைமீதும் ஆசையில்லை. அணிலின் தயவும் தேவையில்லை.

ஆமை வந்தது. அணில் கேட்காத ஒன்றைக் கேட்டது.

"வால் எங்கே அம்மா?"

"பூனை வாயில். அதைக் கழற்றிப் போட்டதால்தான் உயிரோடு வந்தேன்."

ஆமை அணில் பக்கம் திரும்பியது. "பூனை துரத்தியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் உனக்கு? உன் முடிவு செல்லாது. வழியை விடு!"

கிளையெல்லாம் பறவைகள் ஆரவாரம் செய்தன. பல்லி ஒரே ஓட்டமாக உச்சிக்கு ஏறியது.

அணிலுக்கு மனசு ஆறவில்லை. "அப்போ வால்?" என்று கீழிருந்து கத்தியது.

"இனி இங்கேதான் முளைக்கும்!"