வாயசைவு

திரையில் ஒரு பேருந்து நிறுத்தம். தனியாக நின்ற இளைஞன் கைப்பேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

பாவம், பக்கத்தில் யாருமில்லை என்ற தைரியம். தலைக்கு மேலே கேமரா இருப்பதை அவன் கவனிக்கவில்லை.

'கூட்டம் ரொட்டிக் கடை மாடியில. அண்ணியையும் கூட்டிட்டு வந்துடு.'

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. சின்ன வயதில் ஒரு காய்ச்சல் காதுகளைக் கொண்டுபோனதிலிருந்து அவளுக்கு உலகமே உதடுகளில்தான். தெருக் கேமராவில் சத்தம் பதியாது, நீங்கள் வாயசைவைப் பார்த்துச் சொன்னால் போதும் என்றுதான் இந்த உளவு அலுவலகத்தில் அவளை வேலைக்கு வைத்தார்கள்.

அதிகாரி அவள் பக்கம் முகத்தைத் திருப்பி நிதானமாகக் கேட்டார். "என்னம்மா சொல்றான்?"

"பால் வாங்கிட்டு வரணுமான்னு வீட்ல கேக்கறான் சார்."

பொய் அவளுக்குப் புதிதல்ல. வெட்டிப் பேச்சை உள்ளபடி சொல்லிவிடுவாள். யாராவது மாட்டிக்கொள்வார்கள் என்று தோன்றினால் மட்டும் அதைப் பல்வலியாக, மாமியார் சண்டையாக மாற்றிவிடுவாள். யாரையோ காப்பாற்றுகிறோம் என்ற அந்த ஒரு நினைப்பில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

"இன்னொரு தடவை போடறேன், பாருங்க."

படம் மறுபடி ஓடியது. பார்க்கப் பிடிக்காமல் கண்ணைத் திருப்பினாள். ஜன்னலோரம் புதிதாக வந்த தட்டச்சுப் பெண், திரைக்கு முதுகைக் காட்டியபடி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரையில் இளைஞன் வாயைத் திறந்தான். அந்தப் பெண்ணின் விரல்கள் ஓடின.

அவன் நிறுத்தினான். விரல்கள் நின்றன.

மறுபடி பேசினான். மறுபடி ஓடின.

இவர்களுக்குக் கேட்கிறது.

கேட்கிறதென்றால் தன்னை எதற்கு வைத்திருக்கிறார்கள்? சொல்வதைத் தெரிந்துகொள்ளவா, மறைப்பதைத் தெரிந்துகொள்ளவா?

அதிகாரி அன்பாகச் சிரித்து, அடுத்த படத்தைப் போட்டார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் பொய் சொல்லிக் காப்பாற்றிய முகங்கள் மனதில் வரிசையாக வந்து நின்றன. கிழிந்த குடைக்காரி. மொட்டைத்தலை வாத்தியார். எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் புதுத் தம்பதி.

அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரைக்கூட எந்தப் படத்திலும் அவள் பார்த்ததில்லை.

தப்பித்துவிட்டார்கள் என்றல்லவா நினைத்திருந்தாள்.