நம்பர் தருவதில்லை

"அந்த ஆளு மறுபடியும் நம்பர் கேக்கறான்மா. இதோட அஞ்சாவது தடவை." கடை போனைப் பார்த்தபடி பல்லைக் கடித்தாள் மகள்களில் பெரியவள்.

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த டைலரம்மா காலை நிறுத்தினாள். "எந்த ஆளு?"

"குடைக்காரன்னு நானே பேரு வெச்சிருக்கேன். மூஞ்சிக்குப் பதிலா ஒரு குடைப் படத்தைப் போட்டு வெச்சிருக்கான். அளவு கேக்கல, விலை கேக்கல. பேசணுமாம், நம்பர் வேணுமாம்."

"பொம்பளையா இருக்கப் போகுதுடி. குழந்தைத் துணி வாங்க ஆம்பளையா வருவான்?"

"பொம்பளைன்னு சொல்லிக்கிட்டு வர்ற ஆம்பளைங்கதான் இங்க ஜாஸ்தி. போன தடவை பட்டது போதாதா?"

பட்டது கொஞ்சநஞ்சமல்ல. குழந்தை உடுப்புகளை ஆன்லைனில் விற்கத் தொடங்கிய புதிதில், கேட்டவர்களுக்கெல்லாம் வெள்ளந்தியாக நம்பரைத் தூக்கிக் கொடுத்தவள் டைலரம்மாதான். அதில் ஒருவன் ஒரே வாரத்தில் கண்ட கண்ட படங்களை அனுப்ப ஆரம்பித்தான். நம்பரையே மாற்ற வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து வாங்க வருகிறவர்களுக்குப் பதில் எழுதுவது பெரியவள் மட்டும்தான். பதில் என்ன, எல்லாமே அவள்தான். துணி எடுப்பது, பார்சல் கட்டுவது, அம்மாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பது வரை.

சின்னவள் ஒருவரிடமும் சொல்லாமல் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு கண்காணாத ஊருக்குப் போனதில், பெரியவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. அதற்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுப் பார்த்தவர் இல்லை. தங்கையின் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

அதனால் டைலரம்மாவுக்கும் அந்தப் பேச்சு தொண்டைக்குழியோடு நின்றுவிடும். இரண்டு வருடம் முன்பு இதய ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவள் முதலில் கேட்டது சின்னவளைத்தான். "சொன்னேம்மா. வர முடியாதுன்னுட்டா. இப்ப நம்பரையும் மாத்திட்டா" என்றாள் பெரியவள்.

ஆனாலும் சாவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை, வெட்கமில்லாமல் இன்னும் மிச்சமிருந்தது.

பெரியவள் பார்சல்களை அள்ளிக்கொண்டு கூரியர் ஆபீசுக்குக் கிளம்பினாள். "அடுத்த கவுனுக்கு அளவெல்லாம் சீட்டுல எழுதி வெச்சிருக்கேன். போன் சார்ஜ்ல கெடக்கட்டும், நீ அதைத் தொடாத. குடைக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்காத."

"சரிடி, சரிடி. பாத்துப் போ."

அவள் தலை மறைந்ததும் டைலரம்மா கத்தரியைக் கையில் எடுத்தாள். சீட்டில் நீளம் இருந்தது, மார்புச் சுற்றளவு இருந்தது, தோள் அளவைக் காணோம். தோள் தெரியாமல் துணியில் கத்தரி வைக்க அவளுக்கென்ன பைத்தியமா? வேறு வழியில்லாமல் கடை போனை எடுத்தாள்.

ஆர்டரைத் தேடிய விரல் தவறிப்போய்க் குடைப் படத்தில் பட்டது. கட்டுக்கட்டாகச் செய்திகள் விரிந்தன.

"அந்த நீலக் கவுனோட படம் பாத்தேன். இடுப்புல உள்பக்கமா ஒரு பாக்கெட் வெச்சிருக்கீங்களே, அது யார் சொல்லிக் குடுத்தது? நான் கர்சீப்பைத் தொலைச்சுக்கிட்டே இருப்பேன்னு எங்கம்மா எனக்கு இப்படித்தான் தெச்சுப் போடுவாங்க. உங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசணும். நம்பர் தருவீங்களா?"

கீழே பெரியவளின் பதில்: "நம்பர் தருவதில்லை." மறுபடி கெஞ்சல், மறுபடி அதே பதில். கடைசியாக இன்று காலை வந்தது: "சரி, நீங்க தர வேணாம். இது என் நம்பர். தயவு செஞ்சு ஒரு தடவை கூப்பிடுங்க."

ஊரில் எத்தனையோ பேர் குழந்தைக்குக் கவுன் தைக்கிறார்கள். உள்பக்கம் பாக்கெட் வைக்கும் வழக்கம், ஒரே ஒரு குழந்தைக்காக டைலரம்மா ஆரம்பித்தது.

இதைப் படித்துமா பெரியவள் குடைக்காரன் என்றாள்? அவளுக்கு ஆறவில்லை, பாவம். ஆறாத கோபத்தில் மறைத்திருப்பாள். வந்ததும் நாலு திட்டு வாங்கிக்கொண்டால் போயிற்று.

கடை போனில் சிம் கிடையாது. நம்பர் போனால் போகட்டும் என்று தன் போனிலிருந்தே கூப்பிட்டாள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்து அழுத்தினாள்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"ஹலோ, யாரு பேசறது?"

அதே குரல்.

"கண்ணு... நான்தான்டி, அம்மா."

டைலரம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வெச்சிடாதடி. எனக்கு உம்மேல கோபமெல்லாம் எப்பவோ போச்சு. ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீ வரலன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு, அதையும் மறந்துட்டேன். ஒரு வார்த்தை பேசு. போதும் எனக்கு."

அந்தக் குரல் உடைந்து வந்தது.

"அம்மா செத்துட்டாங்கன்னு அக்கா சொன்னாளே!"