செய்தியை விழுங்கும் செயலி

"நான் அனுப்பறதைக் கணீர்னு படிக்குதும்மா. எனக்கு வர்றதைத்தான் முழுங்கிடுது" என்றார் ஆபரேட்டர், மறுபடியும் போனில்.

கண் தெரியாதவர். டெலிபோன் ஆபரேட்டராக ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்து ஓய்வுபெற்றவர். புதிய அரட்டைச் செயலியைச் சோதிக்க நிறுவனம் அவரை அமர்த்தியிருந்தது. திரையில் உள்ளதைப் போன் வாய்விட்டுப் படிக்கும். அவர் வீட்டாரோடு வழக்கம்போலப் பேசிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும்.

அந்த ஒரு குறை, செயலியை எழுதியவளின் உயிரை வாங்கியது. அவள் போனில் வந்த செய்தியையெல்லாம் அது ஒழுங்காகத்தான் படித்தது. மேலாளரோ, "ஒரு சின்னக் கோளாறு, இன்னுமா புடிபடல?" என்று காய்ச்சி எடுத்தார்.

பொறுக்கமாட்டாமல் ஆபரேட்டரின் வீட்டுக்கே போய்விட்டாள்.

"வாம்மா! இந்தக் கதவைத் தட்டற சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு!" என்று போனை நீட்டினார்.

அவள் திரையைத் தள்ளிப் பார்த்தாள். மகனுக்கு: "சாப்பிட்டியாப்பா?" மகளுக்கு: "காய்ச்சல் விட்டுதா கண்ணு?" மறுபடி மகனுக்கு: "கோபமாப்பா?"

எல்லாம் அவர் அனுப்பியவை. அவர்கள் படித்துவிட்டதற்கான அடையாளம் ஒவ்வொன்றின் கீழும் இருந்தது. பதில் என்று ஒன்றுகூட வந்திருக்கவில்லை.

"கோளாறு புடிபட்டுச்சாம்மா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"புடிபட்டுச்சு சார். எங்க தப்புதான். சரி பண்ணிட்டேன்."

"அதானே பார்த்தேன்! பெத்த புள்ளைங்க பதில் போடாம இருக்குமா?"

சிரித்தபடியே போனை வாங்கிக் காதோரம் வைத்துக்கொண்டார்.