முதல் ஐந்து நிமிடம்

லாரி உடம்பெல்லாம் உதறிக்கொண்டே வந்து பட்டறை வாசலில் நின்றது.

"இன்ஜினை நிறுத்தாதீங்க. ஓடட்டும், கேட்டுப் பாக்கணும்" என்றாள் மெக்கானிக். டிரைவரின் மனைவியும் அவள்தான்.

அவன் இறங்கி முதுகை நெளித்தான். "அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"இடுப்பெலும்பு போச்சு. நேத்து நைட்டு ஒத்தையா எப்படித் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு எனக்கே தெரியல. நீங்க இருந்திருந்தா..."

"மலைக்கு அந்தப் பக்கம்ல இருந்தேன்! உன் போனை வச்சதும் கிளம்பிட்டேன். எட்டு மணி நேரம், ஒண்ணுக்குப் போகக்கூட நிறுத்தல."

அவள் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்ஜினுக்குள் குனிந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வாரமா. காலையில ஸ்டார்ட் பண்ணதும் அஞ்சு நிமிஷம் குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதறும். அப்புறம் பஞ்சு மாதிரி ஓடும்."

"ஓடுறப்போ?"

"ஓடுறப்போ ஒரு குலுக்கல் கிடையாது. சத்தியமா!"

டீசல் குழாயின் இணைப்பை விரலால் தடவினாள். "இங்க காத்து உள்ள போகுது. வண்டி ராத்திரி முழுக்க நின்னா டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கிடும். அதான் எடுத்ததும் உதறுது."

"கெட்டிக்காரிடி நீ!"

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"எட்டு மணி நேரம் நிக்காம ஓடின வண்டி, இப்ப ஏங்க உதறிக்கிட்டு வந்துச்சு? நேத்து ராத்திரி அஞ்சு நிமிஷ தூரத்துல யார் வீட்டு வாசல்ல நின்னுச்சு?"

அவன் இன்ஜினை நிறுத்த வண்டியில் ஏறப் போனான்.

அதற்குள் லாரி உதறலை விட்டு, பஞ்சு மாதிரி ஓட ஆரம்பித்திருந்தது.