காதுக்கு மேலே

மதிய வெயில் சலூன் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. "ஆடாதீங்கண்ணே, பதமா வெட்டறேன்," என்றபடி முடிவெட்டுகிறவர், பெஞ்சில் காத்திருக்கும் அவளுடைய கணவரின் காதுக்கு மேலிருக்கும் கட்டியைச் சுற்றிக் கத்தரியை நகர்த்துகிறார். வயிற்றில் வந்த புற்றுநோய் தலைத்தோல் வரை ஏறிவிட்டதைப் போன மாதம் முதலில் தடவிக் கண்டுபிடித்தது இந்த முடிவெட்டுகிறவரின் விரல்தான். காலையும் மாலையும் கணவரின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியாமல் போயிற்று. கணவர் கண்மூடிச் சொக்கிக் கிடக்கிறார். வீட்டில் அவள் பக்கத்தில் ஒருநாளும் இப்படிக் கிடந்ததில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெஞ்சிலிருந்து எழுந்து போய், கத்தரியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, ஈர முடிக்குள் தானே விரலை விடுகிறாள். கட்டி அகப்படவில்லை. முடிவெட்டுகிறவர் சீப்பு நுனியால் இடத்தைக் காட்டுகிறார். மொச்சைக்கொட்டை அளவுக்கு, வெதுவெதுப்பாக இருக்கிறது. கண்ணைத் திறக்காமலே கணவர் கேட்கிறார்: "யாரு கை இது?"