ஒரு போன் போதும்

"நான் பல்கலைக்கழகத்துல பேட்டரி தொழில்நுட்பப் படிப்புக்கு விண்ணப்பிச்சது மேனேஜர் ரூனேவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். காகித ஆலையை விட்டு ஓடப் பார்க்கிறேன்னு நினைச்சு, வர்ற பதவி உயர்வையும் நிறுத்திடுவார்," என்றாள் சிக்னே.

"நீ சொன்னாத்தானே மேனேஜருக்குத் தெரியும்?" காபியை ஊற்றினான் கணவன் ஓலோஃப்.

"ஸ்வீடன்ல ஏது ரகசியம்? யாரெல்லாம் விண்ணப்பிச்சாங்கன்னு யார் வேணும்னாலும் போன் போட்டுக் கேட்கலாம். பல்கலைக்கழகம் சட்டப்படி சொல்லியே ஆகணும்."

"உன்னைப் பத்தி விசாரிக்கிறதுதான் அவருக்கு வேலையாக்கும்! பேசாம காபியைக் குடி."

மறுநாள் ரூனே அவளைத் தன் அறைக்கு அழைத்தார். அந்த அலுவலகத்தில் யாரும் சாத்தாத கதவைச் சாத்தினார்.

"பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன், சிக்னே. உனக்கு இடம் கிடைச்சிருக்காமே?"

"அது... சும்மா ஒரு ஆசைக்குப் போட்டது. வேலையை விடுற எண்ணமெல்லாம் சத்தியமா இல்லை."

"அப்போ நீ சேரப் போறதில்லையா?"

"இ... இல்லை."

ரூனேவின் முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"அதைப் பல்கலைக்கழகத்துல இன்னிக்கே சொல்லிடேன். இடம் கிடைக்காம காத்திருக்கிறவங்கள்ல நான்தான் முதல் ஆள்!"